கடவுச்சொல்லை உடைக்காமல் கோப்பைப் படித்தது எப்படி?

கேள்வி: அண்ணா, வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் ஒரு சிறிய விடுதியில் முன்பதிவுகளைக் கவனித்துவருகிறேன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவன். கணினி வேலை எல்லாம் பார்த்துப் பழகியதுதான். எங்கள் இணையத்தளத்தைச் செய்து கொடுத்தவர் இப்போது கட்டாரில் இருக்கிறார். விருந்தினர் பெயர், வந்து போகும் திகதி, புறாத்தீவுப் படகுப் பயணம், மீதிப் பணம் எல்லாம் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதைத் திறந்து பார்ப்பதற்காக 'அட்மினர்' என்ற ஒற்றைக் கோப்பை இணையத்தளத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அதன் தலைப்பில் 4.3.1 என்று இருக்கிறது. சேர்வரின் இயங்குதளம் உபுண்டு 16.04, அதில் நிரல்களை ஓட்டும் மொழி பிஎச்பி 7.0.

சென்ற கிழமை முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் இணையத்தளத்தின் அமைப்புக் கோப்பிலிருந்து சில வரிகளை அப்படியே ஒட்டி, "இதை யாரும் படிக்கலாம், மூடிவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். பணம் கேட்கவில்லை. அந்த வரிகளில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் இருந்தது. யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட கடவுச்சொல் அது. அது இல்லாமல் அட்மினருக்குள் நுழையவே முடியாது. அப்படியிருக்க எப்படிப் படித்தார்? கடவுச்சொல்லை மாற்றினால் போதும், சீசன் நேரத்தில் தளத்தை நிறுத்த வேண்டாம் என்கிறார் முதலாளி. விருந்தினரின் கடவுச்சீட்டுப் படங்களும் அதே சேர்வரில் இருப்பதுதான் எனக்குப் பயம். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதலாமா?

உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, உங்கள் முதலாளி சொல்வதில் பாதி சரி. தளத்தை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால், புதியதையும் அதே ஆள் அதே வழியில் மறுநாளே படித்துக்கொள்வார். புதிய கடவுச்சொல்லை எங்கே எழுதப்போகிறீர்கள்? அதே அமைப்புக் கோப்பில்தானே. ஆகவே முதலில் அட்மினர் கோப்பு வெளியே போக வேண்டும், கடவுச்சொல் அதற்குப் பிறகு. இந்தப் பதிலை முழுவதும் வாசிக்கு முன் அந்த ஒரு வேலையைச் செய்துவிட்டு வாருங்கள். கோப்பை அழித்துவிடாமல், இணையத்தளக் கோப்புறைக்கு வெளியே, உலாவியால் எட்ட முடியாத ஓர் இடத்துக்கு நகர்த்துங்கள். அது எந்தத் திகதியில் வைக்கப்பட்டது என்பது பின்னர் பயன்படும். முன்பதிவுப் பக்கத்துக்கும் அட்மினருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அறை பதிவுசெய்கிற ஒருவருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியப்போவதில்லை.

செய்தாயிற்றா? இனி உங்கள் கேள்வி.

'அட்மினருக்குள் நுழைய எங்கள் கடவுச்சொல் வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் தவறு இருக்கிறது. நுழைவுப் பக்கத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய கட்டங்களுக்கு மேலே 'சேர்வர்' என்றொரு கட்டம் இருக்கும். நீங்கள் அதைத் தொட்டிருக்க மாட்டீர்கள். வெறுமையாக விட்டால் உங்கள் சொந்தத் தரவுத்தளத்துக்கே போகும். ஆனால் அதில் எந்தச் சேர்வரின் முகவரியையும் எழுதலாம். உலகின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஒருவர் தன் சேர்வரின் முகவரியை அங்கே எழுதி, தான் உருவாக்கிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், உங்கள் அட்மினர் எந்த மறுப்பும் சொல்லாமல் அவருடைய சேர்வரோடு போய் இணைந்துகொள்ளும். உங்கள் கடவுச்சொல்லை யாரும் கேட்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை.

வேறொருவரின் தரவுத்தளத்தோடு இணைவதால் உங்களுக்கு என்ன நட்டம் என்று தோன்றும். மைஎஸ்கியூஎல்லில் 'லோட் டேட்டா லோக்கல் இன்ஃபைல்' என்றொரு கட்டளை உண்டு. பெரிய பட்டியல் கோப்பு ஒன்றைப் பயனரின் பக்கத்திலிருந்து தரவுத்தளத்துக்குள் ஏற்றுவதற்காக ஏற்பட்டது. அது வேலை செய்யும் முறை சற்று விசித்திரமானது. பயனர் பக்கத்து நிரல் கட்டளையை அனுப்பும். சேர்வர் அதைப் படித்துவிட்டு, 'சரி, இன்ன கோப்பை அனுப்பு' என்று திருப்பிக் கேட்கும். நிரல் கோப்பைத் திறந்து அனுப்பும். அதாவது கோப்பின் பெயரைச் சொல்வது சேர்வர். ஒழுங்கான சேர்வர் நீங்கள் கேட்ட கோப்பின் பெயரைத்தான் சொல்லும். தீய நோக்கத்தோடு மாற்றியமைத்த சேர்வரோ, நீங்கள் என்ன கட்டளை அனுப்பினாலும், சம்பந்தமே இல்லாத ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி 'அதை அனுப்பு' என்று கேட்க முடியும். இது இரகசியமும் அல்ல. இப்படி நடக்கக்கூடும் என்று மைஎஸ்கியூஎல் கையேடே எழுதிவைத்திருக்கிறது.

இங்கே 'பயனர் பக்கம்' என்பது தாக்குபவரின் மடிக்கணினி அல்ல. அட்மினர் ஓடுவது உங்கள் சேர்வரில். ஆகவே கோப்பைத் திறந்து அனுப்புவதும் உங்கள் சேர்வர்தான். விடுதி வேலைக்காரர் உங்களுக்கு ஓர் உதாரணம் போதும். வரவேற்பறையில் ஒரு பையன் இருக்கிறான்; அலுமாரிச் சாவி எல்லாம் அவன் இடுப்பில். வாசலில் வந்து நிற்கும் எவர் ஒரு முகவரியைச் சொன்னாலும் அங்கே போய்வருவான். போன இடத்தில் இருப்பவர் 'உங்கள் அலுவலக அலுமாரியிலிருந்து இன்ன தாளைக் கொண்டுவா' என்றால், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பான். வந்தவரிடம் அலுமாரிச் சாவி இருந்ததா என்று விசாரிப்பதில் பயன் இல்லை.

அட்மினரின் இந்தக் குறை 4.6.3 என்ற பதிப்பில் 2018இல் அடைக்கப்பட்டது. நெதர்லாந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் வில்லெம் டி குரூட் 2019 ஜனவரியில் இதை விரிவாக எழுதினார். மஜென்டோ என்ற மென்பொருளில் இயங்கும் ஒன்லைன் கடைகளின் அமைப்புக் கோப்புகளைத் திருடர்கள் இதே வழியில் எடுத்து, அதிலிருந்த கடவுச்சொல்லால் தரவுத்தளத்துக்குள் போய், வாடிக்கையாளரின் கடன் அட்டை விபரங்களைத் திருடும் நிரலை நட்டுவைத்தார்கள். அதே ஆண்டில் பிஎச்பி மொழியும் விழித்துக்கொண்டது. 7.2.16, 7.3.3 பதிப்புகளிலிருந்து இப்படிக் கோப்பு அனுப்பும் வசதி, கேட்டாலொழியத் திறக்காது. மைஎஸ்கியூஎல் 8.0உம் அதை இயல்பில் மூடிவைத்தது. உங்களுடையதோ அட்மினர் 4.3.1, பிஎச்பி 7.0. இரண்டு தடுப்பும் வருவதற்கு முந்தியவை. மின்னஞ்சல் எழுதியவர் பெரிய மாயம் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. இணையத்தளங்களில் அந்தக் கோப்பின் வழக்கமான பெயர்களைத் தேடித் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

சிலர் கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அது பாதுகாப்பு அல்ல, தாமதம். புதிய பதிப்பைத் தரவிறக்கி அதே இடத்தில் வைப்பது அதைவிட மேல். ஆனாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 4.6.3க்கு மாறி நிம்மதியாக இருந்தவர்களுக்கு 2021இல் அடுத்தது வந்தது. அட்மினரைக் கொண்டு உள்வலையமைப்பிலுள்ள வேறு சேவைகளைத் தட்டிப் பார்க்கும் குறை அது, 4.7.9இல் அடைக்கப்பட்டது.

அட்மினரை எழுதியவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இது அந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய். பலரும் பயன்படுத்தும் பிஎச்பிமைஅட்மினை எடுத்துக்கொள்ளுங்கள். 2.5.5 பதிப்பு வரை அதன் ஏற்றுமதிப் பக்கத்தில், கோப்பு வகையைக் குறிக்க வேண்டிய இடத்தில் '../' என்று எழுதி ஒவ்வொரு கோப்புறையாக மேலே ஏறி, சேர்வரின் எந்தக் கோப்பையும் படிக்க முடிந்தது. அது வெளியானது 2004இல். அதே ஆண்டின் இறுதியில் இன்னொன்று: பெரிய கோப்புகளைச் சேர்வரிலேயே வைத்து இறக்குமதி செய்வதற்கான கோப்புறையை அமைத்திருந்தால், அந்த வழியாக வேறு கோப்புகளையும் படிக்கலாம் என்றானது, 2.6.1இல் திருத்தினார்கள்.

2018இல் வந்ததுதான் எனக்குப் பாடம் நடத்துவதற்கு மிகவும் பிடித்தது. பிஎச்பிமைஅட்மினின் 4.8.0, 4.8.1 பதிப்புகளில், எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதை முகவரியிலேயே சொல்லலாம். அனுமதிக்கப்பட்ட பக்கங்களின் பட்டியல் ஒன்றும் இருந்தது. சரிபார்க்கும் பகுதி, கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டது. தாக்குபவர் அனுமதி பெற்ற ஒரு பெயரை எழுதி, அடுத்து இரண்டு முறை குறியேற்றிய (வேறு எழுத்துகளாக மாற்றி எழுதிய) கேள்விக்குறியை வைத்து, அதன் பின்னால் தான் விரும்பும் கோப்பின் பாதையை எழுதினார். சரிபார்த்த பகுதிக்கு அது நல்ல பெயராகத் தெரிந்தது. கோப்பைத் திறந்த பகுதி முழுப் பாதையையும் விழுங்கியது. இதற்கு உள்நுழைந்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் உள்ளே வந்தவர் தரவுத்தளத்துக்கு அனுப்பும் தன் வினவலுக்குள் பிஎச்பி நிரலை எழுதி, அந்த வினவல் பதிவாகியிருக்கும் அமர்வுக் கோப்பையே (உள்நுழைந்தவரை நினைவில் வைக்கச் சேர்வர் எழுதும் கோப்பு) இப்படித் திறக்கவைத்தால், சேர்வர் அந்த நிரலை ஓட்டிவிடும். படிக்க மட்டும் முடிந்த ஒருவர் இப்போது கட்டளையிடவும் தொடங்குகிறார். 4.8.2 அதை அடைத்தது. அட்மினரில் நடந்த அதே தந்திரமும் பிஎச்பிமைஅட்மினுக்கு உண்டு. பயனர் விரும்பும் எந்தச் சேர்வரோடும் இணையலாம் என்ற அமைப்பை நிர்வாகி தானாகத் திறந்துவைத்திருந்தால் மட்டும். அது இயல்பில் மூடியிருக்கும். 2019 ஜனவரியில் 4.8.5இல் திருத்தம் வந்தது. இன்னும் அண்மையில், 2024 மார்ச்சில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான பிஜிஅட்மினில் 8.3 வரை அமர்வுக் கோப்பின் பெயரில் பாதையைத் திணிக்கும் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு 8.4இல் அடைபட்டது.

20 ஆண்டுகள், வேறுவேறு ஆள்கள், ஒரே வகைத் தவறு. காரணம் எளிது. தரவுத்தளக் கருவி என்று நாம் பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அதன் வேலையில் பெரும்பகுதி கோப்புகளோடுதான்: இறக்குமதி, ஏற்றுமதி, காப்புப்பிரதி, மொழிக் கோப்பு, அமர்வுக் கோப்பு. உங்கள் நீண்ட கடவுச்சொல் தரவுத்தள அட்டவணைகளைக் காக்கிறது. கோப்புகளை அது காக்கவில்லை. காப்பதற்காக அது ஏற்பட்டதும் இல்லை. இணையத்தள நிரல் படிக்கக்கூடிய கோப்பு எதுவோ அதை இந்தக் கருவியும் படிக்கும், கருவியை ஏமாற்றியவரும் படிப்பார். இணையத்தளம் இயங்க அமைப்புக் கோப்பைப் படித்தே ஆக வேண்டும் என்பதால், அதை இந்த வட்டத்துக்கு வெளியே வைக்கவும் வழியில்லை. அதனால்தான் கருவியை வெளியே எடுக்கச் சொல்கிறேன்.

கடவுச்சீட்டுப் படங்களைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. முதலில் ஒரு சோதனை. படம் ஒன்றின் முழு முகவரியை எடுத்து, விடுதி வைஃபையை அணைத்துவிட்டு, உள்நுழையாத உங்கள் கைப்பேசி உலாவியில் திறந்து பாருங்கள். படம் வந்தால், அட்மினர் குறையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அந்தக் கோப்புறை இணையத்தில் பகிரங்கமாகக் கிடக்கிறது. கோப்புறையின் முகவரியை மட்டும் திறந்தால் கோப்புகளின் பட்டியல் வருகிறதா என்றும் பாருங்கள். உடனே அதை இணையத்தளக் கோப்புறைக்கு வெளியே நகர்த்தி, உள்நுழைந்த பணியாளர் கேட்டால் மட்டும் நிரல் எடுத்துக் கொடுக்கும்படி மாற்ற வேண்டும். கட்டாரில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க இது ஒரு நல்ல காரணம்.

படம் வரவில்லை என்றாலும் கவலை தீராது. நான் சொன்ன வழியில் கோப்பைப் படிப்பவருக்குக் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியலிட முடியாது. பெயர் தெரிந்தால்தான் படிக்கலாம். அமைப்புக் கோப்பின் பெயர் ஊகிக்கக்கூடியது, படங்களின் பெயர் அப்படி இல்லை. ஆனால் அமைப்புக் கோப்பிலிருந்து கிடைத்த கடவுச்சொல்லை அதே அட்மினரில் கொடுத்து, இந்த முறை உங்கள் தரவுத்தளத்துக்குள்ளேயே போனால், முன்பதிவு அட்டவணையில் ஒவ்வொரு விருந்தினரின் பெயருக்கு எதிரிலும் படத்தின் கோப்புப் பெயர் எழுதப்பட்டிருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கலாம். ஒரு கோப்பு படிக்கப்பட்டதைச் சிறிய விஷயமாக எண்ண முடியாதது இதனால்தான்.

இப்படி நடந்ததா என்பதை அறிய உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி சேர்வரின் பதிவுக் கோப்புகள். உபுண்டுவில், பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் அப்பாச்சி என்ற மென்பொருளின் பதிவுகள் வழக்கமாக 14 நாள்களே நிற்கும். பழையது தானாக அழிந்துவிடும். மின்னஞ்சல் வந்து ஒரு கிழமை ஆகிவிட்டது. இன்றே எல்லாவற்றையும் பிரதி எடுத்து வேறு கணினியில் வையுங்கள். அவற்றில் அட்மினர் கோப்பின் பெயரைத் தேடினால், எந்த ஐபி முகவரி எந்த நேரத்தில் அதைத் திறந்தது என்று தெரியும். உங்கள் விடுதியின் முகவரியும், கட்டாரிலிருந்து அவர் பார்த்திருந்தால் அவருடையதும் தவிர மற்றவை எல்லாம் அந்நியர். எந்தக் கோப்பைப் படித்தார்கள் என்று இந்தப் பதிவு சொல்லாது. படிவத்தில் நிரப்பி அனுப்பியவை அதில் எழுதப்படுவதில்லை. ஆனால் அட்மினர் தான் இணைந்திருக்கும் சேர்வரின் பெயரையும், பயனர் பெயரையும், பார்க்கும் அட்டவணையின் பெயரையும் முகவரியிலேயே வைத்துக்கொள்ளும். உங்கள் முன்பதிவு அட்டவணையின் பெயர் ஓர் அந்நிய ஐபியின் வரியில் தென்பட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

அப்படித் தென்பட்டால், அந்தச் சேர்வரைத் திருத்திப் பயன்படுத்த முயல வேண்டாம். புதியதொன்றை எடுத்து, புதிய உபுண்டுவில், தரவை மட்டும் கொண்டுபோய்க் கட்டுங்கள். பழைய நிரல் கோப்புகளுக்குள் என்ன நட்டுவைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருப்பது முடிவில்லாத வேலை. தென்படாவிட்டாலும் உபுண்டு 16.04இன் வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. சீசன் முடியட்டும், வாடைக்காற்று தொடங்கி அறைகள் வெறுமையாகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்வார். அந்நியர் வரி எதுவும் இல்லாத நிலையில் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளுங்கள்.

கடவுச்சொல் மாற்றும் கட்டத்தில் பலரும் தரவுத்தளத்தோடு நின்றுவிடுகிறார்கள். அமைப்புக் கோப்பை மேலிருந்து கீழ்வரை வாசியுங்கள். முன்பதிவு உறுதிக் கடிதம் அனுப்பும் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல், பணம் செலுத்தும் சேவையின் சாவி, பயண முன்பதிவுத் தளங்களோடு இணைக்கும் சாவி எல்லாம் அங்கேதான் இருக்கும். எல்லாமே வெளியே போனதாகக் கொள்ளுங்கள். மின்னஞ்சலை முதலில் மாற்றுவேன். 'மீதிப் பணத்தை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்' என்று உங்கள் பெயரில் விருந்தினருக்கு ஒரு கடிதம் போனால் அந்தச் சேதம்தான் பெரிது. தரவுத்தளக் கடவுச்சொல்லைத் தரவுத்தளத்திலும் அமைப்புக் கோப்பிலும் அடுத்தடுத்து மாற்ற வேண்டும். இடையில் தளம் ஒரு நிமிடம் தடுமாறும். விடியற்காலையில் செய்தால் ஒருவருக்கும் தெரியாது.

மாற்றும்போதே இணையத்தளம் எந்தப் பயனர் பெயரில் தரவுத்தளத்துக்குள் போகிறது என்றும் பாருங்கள். எல்லா உரிமையும் உள்ள 'ரூட்' என்ற பயனராக இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். தரவுத்தளத்துக்கே கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் தெரியும். அதற்கு 'ஃபைல்' என்ற உரிமை வேண்டும், ரூட்டிடம் அது இருக்கும். அந்த உரிமையோடு ஒருவர் உள்ளே வந்தால், வினவலின் விடையை ஒரு பிஎச்பி கோப்பாக இணையத்தளக் கோப்புறைக்குள் எழுதிவைத்து, பிறகு உலாவியில் திறந்து ஓட்ட முயலலாம். இதைக் கட்டுப்படுத்தத்தான் 'செக்யூர் ஃபைல் பிரிவ்' என்ற அமைப்பு இருக்கிறது. உபுண்டு 16.04இன் மைஎஸ்கியூஎல் 5.7இல் அது ஒரு தனிக் கோப்புறைக்குள் அடக்கப்பட்டிருக்கும், நீங்கள் ஓரளவு தப்பினீர்கள். மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்து வளர்ந்த மரியாடிபியில் அது இயல்பில் வெறுமையாக இருக்கும். வெறுமை என்றால் தடை எதுவும் இல்லை என்று பொருள். எக்ஸாம்ப் என்ற தொகுப்பை விண்டோஸ் கணினியில் நிறுவி, அதையே கடைக்கும் டியூஷன் வகுப்புக்கும் சேர்வராக ஓட்டுகிறவர்கள் நகரில் இருக்கிறார்கள். அதில் வருவது மரியாடிபி, ரூட்டுக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் வருகிறது. அது நிரல் எழுதிப் பழகுவதற்கான தொகுப்பு, வெளியுலகுக்குத் திறந்துவைக்க ஏற்றதல்ல என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். உங்கள் தளத்துக்கு, அந்த ஒரே தரவுத்தளத்தில் படிக்க, சேர்க்க, திருத்த, நீக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் போதும்.

அட்மினர் இல்லாமல் தரவுத்தளத்தை எப்படிப் பார்ப்பது என்று அடுத்து கேட்பீர்கள். டிபீவர், ஹைடிஎஸ்கியூஎல் போன்ற இலவச மென்பொருளை உங்கள் மடிக்கணினியில் நிறுவுங்கள். இரண்டுமே எஸ்எஸ்எச் என்ற மறைகுறியாக்கிய சுரங்க இணைப்பு வழியாகச் சேர்வருக்குள் போகும். அதற்கு உங்கள் மடிக்கணினியில் உள்ள சாவிக் கோப்பு வேண்டும். தரவுத்தளம் இணைப்புகளை ஏற்கும் 3306 என்ற எண்ணுள்ள வாயிலை இணையத்துக்குத் திறக்கத் தேவையில்லை, திறக்கவும் கூடாது. அமைப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போகும். பிறகு அட்மினரைவிட வசதியாகவே இருக்கும்.

அட்மினரின் இன்னொரு பிரதி எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள். கோப்பின் பெயரை நம்பாமல், கோப்புகளின் உள்ளே அந்தச் சொல்லைத் தேடச் செய்யுங்கள். தேடும்போதே, 'பழையது', 'புதிய பிரதி' என்ற பாணியில் பெயரிட்ட சுருக்கக் கோப்புகளும் தரவுத்தளக் காப்புப்பிரதிகளும் இணையத்தளக் கோப்புறைக்குள் கண்ணில் படும். அவையும் வெளியே போகட்டும். முழுத் தரவுத்தளமும் ஒரே தரவிறக்கத்தில் கிடைக்கும்போது, யாரும் அட்மினரைத் தேடிக் கஷ்டப்பட மாட்டார்கள்.

கடவுச்சீட்டுப் படங்களை எவ்வளவு காலம் வைத்திருக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று முதலாளியிடம் கேளுங்கள். அந்தக் காலத்துக்கு மேல் ஒரு படமும் சேர்வரில் இருக்க வேண்டாம். மூன்று சீசனுக்கு முன் வந்துபோன ஒருவரின் கடவுச்சீட்டு இன்னும் அங்கே இருப்பதால் விடுதிக்கு ஒரு சல்லி இலாபமும் இல்லை. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் எந்தப் பகுதி எப்போதிலிருந்து உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது முதலாளியின் வேலை. சட்டம் என்ன சொன்னாலும், பதிவில் அந்நியர் உள்ளே போனது உறுதியானால் சம்பந்தப்பட்ட விருந்தினருக்கு எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. கடவுச்சீட்டின் சொந்தக்காரருக்குத் தெரிய வேண்டிய செய்தி அது. உதவிக்கு இலங்கை கணினி அவசர தயார்நிலை அணி இருக்கிறது. 'ஸ்ரீலங்கா சேர்ட்' என்று சொல்வார்கள், 101இல் அழைக்கலாம். யாராவது பணம் கேட்டு மிரட்டினால் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, அந்த மின்னஞ்சல். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது தானாக விதிவிலக்கு ஆகாது. ஆனாலும் பணம் கேட்காமல், தாக்காமல், சொல்லிவிட்டுப் போனவரை மிரட்டி எழுதுவதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. பதில் எழுதுங்கள். அவர் அனுப்பும் இணைப்பு எதையும் திறக்காதீர்கள், 'நானே சரிசெய்து தருகிறேன்' என்றால் சேர்வருக்குள் விடாதீர்கள், விருந்தினர் படங்கள் இருப்பதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். நன்றி சொல்லி, கோப்பை அகற்றிவிட்டோம் என்று தெரிவித்து, இரண்டே கேள்விகள் கேளுங்கள்: எந்த நாள் எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எந்த ஐபி முகவரியிலிருந்து பார்த்தீர்கள்? உண்மையிலேயே உதவ வந்தவர் என்றால் சொல்லிவிடுவார். அந்த வரிகளைப் பதிவிலிருந்து கழித்துவிட்டு, மீதியிருக்கும் அந்நிய வரிகளை எடுத்துக்கொண்டு எனக்குத் திரும்ப எழுதுங்கள்.